மிக்ஸரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இந்த வருடம் சவுண்ட் செட்டோடு 32 சேனல் டிஜிட்டல் மிக்ஸர் வருகிறது. ஸ்பீக்கர்களுக்கு இரண்டு பவர் அம்ப்: ஒன்று பழைய ஏபி கிளாஸ், 1200 வாட்ஸ்; மற்றது டி கிளாஸ், 1000 வாட்ஸ். கோயிலில் இருப்பது 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். இவ்வளவு பெரிய மிக்ஸரை அது தாங்குமா?
வாசகர், நுவரெலியா

பதில்: தம்பி, பெட்டி பெரிது என்பதால் கரண்டும் நிறைய இழுக்கும் என்று நினைத்துவிட்டீர்கள். மிக்ஸரின் பின்பக்க லேபிளைப் பாருங்கள். அந்த வகைக்கு 120 வாட்ஸ் அளவில்தான் போட்டிருக்கும், அதுவும் உச்ச அளவு. தப்பு முழங்கினாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி, மிக்ஸர் இழுப்பதில் பெரிய வித்தியாசம் இராது. ஆறு மணித்தியாலம் ஓடினால் முக்கால் யூனிட்கூட வராது.

கணக்குப் பார்க்க வேண்டியது அம்பைத்தான். 1200 வாட்ஸ் என்பது அது ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய அளவு. ஜெனரேட்டரிடம் வாங்குவது வேறு. பாட்டு ஏறும், இறங்கும். நல்ல சத்தத்தில் வைத்தாலும் சராசரிக்கு எட்டில் ஒரு பங்கு என்று எடுப்பது வழக்கம். அப்படியானால் 150. ஏபி கிளாஸ் அம்ப் வாங்குவதில் பெரும்பகுதியைச் சூடாக விட்டுவிடும், அதனால் 700 வரை இழுக்கும் என்று வையுங்கள். டி கிளாஸ் சிக்கனக்காரன். 125 கொடுக்க 250 போதும். மிக்ஸரோடு சேர்த்து 1070. அம்பின் சிவப்பு லைட் விடாமல் மின்னுகிற அளவுக்கு ஏற்றினால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

ஜெனரேட்டருக்கு வருவோம். கேவிஏயை வாட்ஸாக்க 0.8ஆல் பெருக்குவது வழக்கம். 2.5 கேவிஏ என்றால் 2000 வாட்ஸ். ஆனால் நீங்கள் கொழும்பில் இல்லையே! நுவரெலியா 1868 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்றரை கழிப்பார்கள். ஐந்தில் ஒன்று போய் 1600 மிஞ்சும். உங்கள் செட்டுக்கு அது போதும்.

செட்டுக்கு மட்டும்தான். ஒரு காமன் கூத்து இரவு, ரதி மதன் ஆட்டம் சூடுபிடிக்கிற நேரம் எனக்கு ஜெனரேட்டர் படுத்துவிட்டது. எல்லோரும் என் புது மிக்ஸரைத்தான் முறைத்தார்கள். வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தால், மேடைக்குப் பின்னால் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிக்கிறது. 2000 வாட்ஸ் கரண்ட் கேத்தல்! அந்தக் குளிரில் யாரைத் திட்டுவது? 500 வாட்ஸ் ஹாலஜன் விளக்கு இரண்டு மாட்டினாலும் இதே கதிதான்.

சந்தேகம் இருந்தால், தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு கிளாம்ப் மீட்டரால் அளந்து பாருங்கள். ஒற்றை வயரை மட்டும் கவ்வ வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூச்சியம்தான் காட்டும். வருகிற அம்பியரை 230ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வாட்ஸ் தெரியும்.

அப்புறம், ஜெனரேட்டர் ஒரு தடவை இருமினால் போதும், டிஜிட்டல் மிக்ஸர் அணைந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். பூசாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மிக்ஸருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். அம்பை அதில் சொருகிவிடாதீர்கள்.