கிட்டே போனால் முகம் கிடைக்காது

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு குஜராத்தில் உள்ள கிர் சரணாலயத்துக்குப் போகிறோம். என்னிடம் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கிறது. படம் முழுக்கச் சிங்கத்தின் முகம் நிறைய வேண்டும் என்று ஆசை. ஓட்டுநருக்குத் தனியாகப் பணம் கொடுத்தால் ரொம்பக் கிட்டே கொண்டுபோவார் என்கிறார் நண்பர். கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கொடுக்காதீர்கள். அப்படிக் கிட்டே போனால் நீங்கள் ஆசைப்படும் படம் கிடைக்காது.

சிங்கம் பகலில் பெரும்பாலும் தரையில் படுத்திருக்கும். நீங்களோ திறந்த ஜிப்ஸி ஜீப்பில் உயரமாக உட்கார்ந்திருப்பீர்கள். ஐந்து மீட்டரில் நின்றால் அதன் உச்சந்தலையும் முதுகும்தான் விழும். அதே சிங்கத்தை இருபது மீட்டர் தள்ளியிருந்து, லென்ஸை 300 வரை நீட்டி எடுங்கள். பார்வை தாழ்ந்து, கண்ணுக்குக் கண் பார்ப்பதுபோல வரும். சிறிய சென்சார் கேமரா என்றால் அந்தத் தூரத்திலேயே தலையும் தோளும் படத்தை நிறைத்துவிடும்.

கிர் சிங்கத்துக்குப் பிடரி சற்றுக் குறைவு. அதனால் ஆண் சிங்கத்தின் காதுகள்கூட வெளியே தெரியும். அந்தக் காதுகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அவை பின்னால் மடங்கி, வால் நுனி வெடுக் வெடுக்கென்று அடித்தால் வண்டி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே பின்வாங்கச் சொல்லுங்கள். குட்டிகளோடு தாய் இருந்தால் அதுவரை காத்திருக்கவே வேண்டாம். கால்நடை மேய்க்கும் மால்தாரி மக்களோடும் அவர்களுடைய எருமைகளோடும் தலைமுறை தலைமுறையாக ஒரே காட்டில் வாழ்ந்து பழகியவை இந்தச் சிங்கங்கள். அதனால்தான் நம்மைச் சகித்துக்கொள்கின்றன. ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது உலகத்திலேயே குஜராத்தில் மட்டும்தான். 2025 கணக்கெடுப்பில் 891. அவற்றின் பொறுமையைக் காசு கொடுத்துச் சோதிக்க எனக்கு மனம் வராது.

சரி, படத்துக்கு வருவோம். டிசம்பர் காலையில் வெளிச்சம் மெதுவாகத்தான் ஏறும். கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று தயங்காமல் கூட்டுங்கள். அதனால் புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. படுத்திருக்கும் சிங்கத்துக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, நடந்தால் 1/1000. காய்ந்த புல்லும் சிங்கமும் ஒரே நிறம் என்பதால் ஃபோகஸ் முன்னால் இருக்கும் புல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்துக் கண்ணைக் குறிபாருங்கள். முக்காலி ஜிப்ஸியில் உதவாது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, அங்கே போனதும் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி வண்டியின் கம்பிமேல் போட்டால் லென்ஸ் அசையாது. இஞ்சினை அணைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

அப்புறம், எல்லாம் தூங்குகின்றன என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரு சிங்கம் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பதும் விடும். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் எழுந்து நடக்கும். முதல் கொட்டாவியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, அடுத்ததற்கு விரல் பட்டன்மேல் இருக்கட்டும்.