பந்தயம் முடிந்த கிரேஹவுண்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டைத் தத்தெடுக்க நினைக்கிறோம். அவ்வளவு வேகமான நாயைத் தினமும் எவ்வளவு தூரம் ஓடவிட வேண்டும்?

பதில்: ஓடவிடாவிட்டாலும் குறையில்லை. களத்தில் அது ஓடியதே ஒரு பந்தயத்துக்குச் சுமார் அரை நிமிடம்தான். நாளுக்கு இரண்டு தடவை, 20 முதல் 30 நிமிட நடை போதும். மீதி நேரம் தூங்கும். ஆனால் வேலியில்லாத இடத்தில் வாரை அவிழ்க்காதீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய நாய் எதையாவது துரத்தத் தொடங்கிவிட்டால், நீங்கள் கூப்பிடும் குரல் அதன் காதில் விழாது.

கேள்வி: நடக்கும்போது நாய் பயந்து பின்வாங்கியது, கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்றுவிட்டது. இன்னும் இறுக்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். கிரேஹவுண்டின் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். அதனால் சாதாரணப் பட்டை நிற்காது. இழுக்கும்போது மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். அகலம் இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். காதுகளுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் மேல்பகுதியில் போடுங்கள். இழுத்து இறுக்கிய நிலையிலும் அந்தப் பட்டையின் இரண்டு வளையங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். வளையங்கள் முட்டிக்கொண்டால் பட்டை தளர்வாக இருக்கிறது என்று பொருள். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொள்ளும். முதல் சில வாரங்களுக்கு மார்புப் பட்டையும் சேர்த்து, இரண்டு வார்களில் பிடித்து நடத்துவது நல்லது.

கேள்வி: வந்த நாய் படி ஏறாது, கண்ணாடிக் கதவில் மோதுகிறது, தூங்கும்போது தொட்டால் உறுமுகிறது. முரட்டு நாயோ?

பதில்: இல்லை. அது வளர்ந்த கொட்டடியில் படியும் இல்லை, கண்ணாடிக் கதவும் இல்லை. தூங்கும்போது யாரும் தொட்டதும் இல்லை. கதவில் அதன் கண்மட்டத்துக்கு நாடா ஒட்டுங்கள். படிக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் முன்கால்களை ஒவ்வொன்றாக எடுத்து மேற்படியில் வைக்க, மற்றவர் பின்னால் நின்று இடுப்பைத் தாங்க வேண்டும். படுக்கையை ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் போடுங்கள். தூங்கும்போது சில நாய்களின் கண் திறந்தே இருக்கும். ஆகவே விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தைகள் மேலே விழுவதுதான் ஆபத்து. பேர் சொல்லிக் கூப்பிட்டு, அது தலை தூக்கிய பிறகே தொட வேண்டும்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. ஒத்துவருமா?

பதில்: தத்துக் கொடுக்கும் குழுவின் தன்னார்வலர்கள் நாய்க்கு வாய்க்கூண்டு மாட்டி, வாரில் பிடித்துப் பூனையைக் காட்டிப் பார்ப்பார்கள். மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் நம்பிக்கை உண்டு. உடல் விறைத்து, பார்வை குத்திட்டு, தின்பண்டம் நீட்டியும் திரும்பாவிட்டால் அந்த நாய் உங்களுக்கு வேண்டாம். தேறிய நாயையும் வாய்க்கூண்டோடு சில வாரம் பழக்குங்கள். வீட்டுக்குள் உங்கள் பூனையோடு படுத்திருக்கும் நாயேகூட, அதே பூனை வெளியே ஓடக் கண்டால் துரத்தலாம்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு, பிளேட்லெட் குறைவு, கிரியேட்டினின் அதிகம் என்கிறார்கள். பல் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா?

பதில்: முதலில், இவை நோயாகவே இருக்க வேண்டியதில்லை. இந்த இனத்துக்கு டி4 எனும் தைராய்டு ஹார்மோன் அளவும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் இயல்பிலேயே குறைவு. தசையிலிருந்து உருவாகும் கழிவுப்பொருளான கிரியேட்டினின், தசை மிகுதியால் சற்றுக் கூடுதல். சிவப்பணுக்களின் விகிதமும் 50 சதவீதத்தைத் தாண்டி நிற்பது சகஜம். தொடையின் பின்பக்கம் முடியில்லாததையும் டி4 எண்ணையும் மட்டும் வைத்துத் தைராய்டு மாத்திரை தொடங்குவது அவசரம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மயக்க மருந்து கொடுக்கலாம். தையோபென்டால் வகை மட்டும் கூடாது. உடலில் கொழுப்பு குறைவு, கல்லீரல் அந்த மருந்தைச் சிதைப்பதும் மெதுவாக நடக்கும். அதனால் மயக்கம் தெளிய வெகுநேரமாகும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: அறுவை முடிந்த அன்று எல்லாம் சரியாகத் தெரியும், ஓரிரு நாள் கழித்துத் தோலடியில் ரத்தம் கசிந்து ஊதா நிறம் பரவும். இதைத் தடுக்க டிரானெக்சாமிக் அமிலம் தரலாமா என்று அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். பல் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். களத்திலிருந்து வரும் நாய்களுக்கு ஈறு கெட்டிருப்பது மிகச் சாதாரணம். உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனையையும் சேர்த்துச் செய்துவிடலாம்.

கேள்வி: ஓட்டக்களத்தை மூடினால் அங்குள்ள நாய்கள் என்ன ஆகும்?

பதில்: அவகாசம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. சீனாவின் மக்காவ் நகரிலிருந்த கானிட்ரோம் ஓட்டக்களம் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது 500-க்கும் மேற்பட்ட நாய்கள் அங்கேயே நின்றன. அனிமா என்ற விலங்கு நல அமைப்பின் தன்னார்வலர்கள் அவற்றைப் பராமரித்துப் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் நாய்ப் பந்தயத்தைத் தடைசெய்ய அதே ஆண்டு வாக்கெடுப்பு நடந்து, தடை நிறைவேறியது. பந்தயம் முடிய 2020 இறுதிவரை கெடு இருந்தது. என் பார்வையில் இரண்டாவதே நடைமுறைக்கு உகந்தது, வீடு தேட நாள் கிடைக்கிறது.

கேள்வி: ஒத்துவராவிட்டால் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. தந்த குழுவிடமே திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலும் தத்து ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும்.