ஏற்காட்டில் கைபேசி விளிம்பில் பூசிய கறுப்பு பெயிண்ட் வெளுத்து உரிவது

கைபேசியின் அலுமினிய விளிம்பில் நீங்கள் பூசிய கறுப்பு கார் டச்-அப் பெயிண்ட் (காரின் கீறல்களை மறைக்கப் பூசுவது) வெளுத்து உரிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உரிந்த இடத்தின் மேலேயே இன்னொரு பூச்சு பூசாதீர்கள். பழையதை முழுவதும் எடுத்துவிட்டு, அலுமினியம் தெரியும் இடத்தில் முதலில் பிரைமரும் (பெயிண்ட் ஒட்டிப் பிடிக்க உதவும் அடிப்பூச்சு), அது நன்றாகக் காய்ந்த பின் மெல்லிய பூச்சுகளாகக் கறுப்பும் பூசினால்தான் நிற்கும்.

அந்தப் பெயிண்ட் காய்ந்ததும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயிண்டின் தரத்தைவிட ஏற்காட்டின் ஈரக்காற்றையே நான் சந்தேகிக்கிறேன். பெயிண்டை இளக்கக் கலந்திருக்கும் தின்னர் ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்துவிடுவதால், பனிமூட்டம் இறங்கிய மாலையில் காற்றிலுள்ள ஈரம் காயாத பெயிண்டின் மேல் படிந்து, பளபளப்பை மங்கவைத்து வெண்படலமாகத் தங்கிவிடுகிறது. வெயில் காயும் நண்பகலில் பூசுங்கள். சேலத்துக்கு இறங்கும் நாளில் அங்கேயே பூசுவது இன்னும் நல்லது.

உரிவதற்குப் பெரும்பாலும் கை எண்ணெய்தான் காரணம். கைபேசியை அணைத்து, 1000 எண் வாட்டர் பேப்பரால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் நுண்ணிய உப்புத்தாள்) அந்த இடத்தை மட்டும் இலேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தபின், சற்றே ஈரமான பஞ்சுக்குச்சியால் தடவிப் பாருங்கள். ஈரம் ஒரே படலமாகப் பரவினால் பரப்பு சுத்தம். துளித்துளியாக ஒதுங்கினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். பூசுமுன் ஈரம் முற்றிலும் உலரட்டும்.

அசிட்டோனைத் தொடவே வேண்டாம். அது பல வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மைக், சார்ஜர் துளைகளை டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். விளிம்பில் குறுக்கே ஓடும் ஆன்டெனா கோடுகளின் (சிக்னல் செல்வதற்காக உலோகத்தின் இடையே விட்ட பிளாஸ்டிக் கோடுகள்) மேல் உலோகத்தூள் கலந்த பெயிண்டைப் பூசினால் சிக்னல் குறையக்கூடும் என்பதால், அவற்றை விட்டுவிட்டே பூசுங்கள்.