லண்டனில் கேமரன் வான் டெர் பர்க் வென்ற தங்கமும் சாதனையும் செல்லுமா?

உங்கள் கேள்வி இது: 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்ற கேமரன் வான் டெர் பர்க், விதிக்கு மேல் டால்பின் உதை போட்டதைத் தானே ஒத்துக்கொண்டார். அப்படியானால் அவருடைய உலக சாதனை செல்லுமா? அதை பிரிட்டனின் ஆடம் பீட்டி முறியடித்த பிறகு இந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டா? தென்னாப்பிரிக்காவில் இருக்கும் தமிழர் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தங்கம் அவருடையதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 58.46 நொடி என்ற அந்த நேரத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகி டர்பன் வந்து 16 வருடம் ஆகிறது, சாட்ஸ்வொர்த்தில் வீடு. மகளை நீச்சல் கிளப்பில் சேர்த்த பிறகு நானும் அதற்குள் இழுக்கப்பட்டேன். இங்கே பிள்ளைகளின் போட்டிகளில் நேரம் குறிப்பதும் நடுவராக நிற்பதும் பெரும்பாலும் பெற்றோர்கள்தான். படித்து, பரீட்சை மாதிரி ஒன்று எழுதி, ஆறு வருடமாக வெள்ளைச் சட்டையோடு ஸ்ட்ரோக் நடுவராக, அதாவது நீந்தும் முறை விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பவராக, நிற்கிறேன். கேமரன் விஷயத்தை நான் பார்ப்பது அந்த இடத்திலிருந்துதான்.

முதலில் அந்த உதை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கைத் தமிழில் மார்பு நீச்சல் என்று எழுதுகிறார்கள். ஊரில் நாங்கள் தவளை நீச்சல் என்போம், அந்தப் பெயர்தான் பொருத்தம். கால் தவளை மாதிரி மடங்கி, விரிந்து, சேர வேண்டும். டால்பின் உதை வேறு: இரண்டு காலையும் ஒட்டி வைத்து, இடுப்பிலிருந்து அலை போல அடிப்பது. அது பட்டர்ஃப்ளை என்ற வேறு நீச்சல் வகைக்கு உரியது. குதித்த பிறகும் சுவரில் திரும்பிய பிறகும் நீந்துபவர் கொஞ்ச தூரம் தண்ணீருக்கு அடியிலேயே போகலாம். அந்தக் கட்டத்தைப் புல்-அவுட் என்பார்கள். அதில் கையைத் தொடை வரைக்கும் ஒரு முறை இழுக்கலாம், ஒரு தவளை உதை போடலாம், அப்புறம் மேலே வந்துவிட வேண்டும். பாய்ந்த வேகம் குறையாமல் காப்பாற்றிக் கொடுப்பது டால்பின் உதை. அதனால்தான் எல்லாருக்கும் அதன் மேல் கண்.

2005 வரை புல்-அவுட்டில் டால்பின் உதைக்கு இடமே கிடையாது. இடம் கிடைத்ததும் ஒரு தகராறுக்குப் பிறகுதான். 2004 ஏதென்ஸில் ஜப்பானின் கொசுகே கிடாஜிமா 1:00.08-ல் ஜெயித்தார். அப்போது உலக சாதனையைக் கையில் வைத்திருந்த அமெரிக்காவின் பிரெண்டன் ஹேன்சன் 1:00.25-ல் இரண்டாவது. வித்தியாசம் 0.17 நொடி. ஹேன்சனின் அணித் தோழர் ஆரன் பியர்சால், கிடாஜிமா அடியில் டால்பின் உதை போட்டார், தெரிந்தே ஏமாற்றினார் என்று வெளிப்படையாகவே சொன்னார். கிடாஜிமாவின் பதக்கம் போகவில்லை. நடுவர் கை தூக்கவில்லை என்றால் தப்பு நடக்கவில்லை என்றுதான் கணக்கு. அடுத்த வருடம் உலக நீச்சல் சம்மேளனமான ஃபினா, அதாவது இன்றைய வேர்ல்ட் அக்வாடிக்ஸ், புல்-அவுட்டில் ஒரே ஒரு டால்பின் உதைக்கு அனுமதி கொடுத்தது.

நடுவராக நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அதுதான் பிரச்சினையை வளர்த்தது. கூடவே கூடாது என்றால் ஓர் அசைவு தெரிந்தாலே கை தூக்கலாம். ஒன்று கூடும், இரண்டு கூடாது என்றால் எண்ண வேண்டும். நுரைக்குள் நடப்பதை மேலே நின்று எப்படி எண்ணுவது?

இப்போது லண்டன். 2012 ஜூலை 29, ஞாயிறு. தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக்கிலும் இதே போட்டியில் தங்கம் வாங்கக் கிடாஜிமா இறங்கினார், ஐந்தாவதாகத்தான் வந்தார். பிரிட்டோரியாவில் பிறந்த 24 வயது கேமரன் 58.46-ல் சுவரைத் தொட்டார். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் ஸ்பிரெங்கர் 58.93, ஏதென்ஸில் வெள்ளி வாங்கிய அதே ஹேன்சன் 59.49. நீச்சலில் தனிநபர் தங்கம் வென்ற முதல் தென்னாப்பிரிக்க ஆண் கேமரன்தான். அவருடைய நண்பரும் 2011 உலக சாம்பியனுமான நார்வேயின் அலெக்ஸாண்டர் டாலே ஓவன், அந்த ஏப்ரல் 30 அன்று 26 வயதிலேயே மாரடைப்பில் இறந்திருந்தார். தங்கத்தைக் கேமரன் அவருக்குக் காணிக்கையாக்கினார். நாங்கள் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதோம். இரண்டு நாள் கழித்து எங்கள் டர்பன் பையன் சாட் லே க்லோஸ் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸை 0.05 நொடியில் முந்தினார். அந்த வாரம் இங்கே திருவிழாதான்.

அப்புறம்தான் தண்ணீருக்கு அடியிலிருந்து டிவி கேமரா எடுத்த படத்தைப் பார்த்துப் பேச்சு கிளம்பியது. குதித்த பின் கேமரன் ஒன்றுக்குப் பதிலாக மூன்று டால்பின் உதை போட்டது அதில் தெரிந்தது. சில நாளில் ஓர் ஆஸ்திரேலியப் பத்திரிகையிடம் அவரே ஒத்துக்கொண்டார். எல்லாரும் செய்கிறார்கள், செய்யாதவன் பின்தங்கிவிடுவான், அடியில் கேமரா வைத்து நடுவர்கள் பார்த்தால் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வீடு வீடாக ஓடிய அந்தப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல அன்றைய நடைமுறையில் வழி இல்லை. தங்கமும் சாதனையும் அப்படியே நின்றன.

இங்கே எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்பிரெங்கரை அவர் முந்தியது 0.47 நொடி. இந்த நீச்சலில் அது பெரிய இடைவெளி. மற்றவர்களும் அதே உதையைப் போட்டார்கள் என்றால், உதை இல்லாமல் நீந்தியிருந்தாலும் அவர்தான் முதலில் வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் சாதனை வேறு கணக்கு. அவர் முறியடித்த பழைய நேரம் ஆஸ்திரேலியாவின் பிரென்டன் ரிக்கர்டின் 58.58. வித்தியாசம் வெறும் 0.12. இரண்டு உபரி உதைக்குள் அது அடங்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதக்கம் பக்கத்து லேன்காரனோடு போட்ட போட்டிக்கு. சாதனையோ அந்தக் குளத்திலேயே இல்லாத, முன்னால் நீந்திய எல்லாரோடும் போட்ட போட்டிக்கு.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரிக்கர்டின் 58.58 வந்தது 2009 ரோம் உலகப் போட்டியில். வேகம் கூட்டும் பாலியூரிதேன் உடை போட்டுக்கொண்டு 43 உலக சாதனைகள் உடைந்த போட்டி அது. அந்த உடையை 2010 ஜனவரியிலிருந்தே தடை செய்துவிட்டார்கள். கேமரன் சாதாரணத் துணி உடையில் அந்த நேரத்தை முந்தினார். ஆகவே, தடை செய்த உடை தந்த ஒரு சாதனையைத் தடை செய்த உதை தின்றது. யார் பக்கம் நின்று கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு சனிக்கிழமை, 25 மீட்டர் குளம், நல்ல வெயில். சொந்தப் பிள்ளை நீந்தும் லேனை நாங்கள் பார்க்கக் கூடாது என்பதால் எதிர்ப்பக்கம் நின்றேன். ஆறாவது லேனில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பையன், பத்துப் பதினோரு வயது. சுவரை உதைத்துக் கிளம்பினான். வெயில் தண்ணீரில் பட்டு உடைந்து ஆடுகிறது, குமிழிகள் முழங்காலை மறைக்கின்றன, தெளிவாகத் தெரிவது இரண்டு குதிகால் மட்டும். அவை ஒரு முறை தாழ்ந்து எழுந்தன. மறுபடியும் தாழ்ந்து எழுந்தன. கை இழுக்கும்போது உடம்பு தானாக நெளிவதும் உண்டு, அது உதை ஆகாது. சந்தேகம் இருந்தால் நீந்துபவருக்கே சாதகமாகப் போக வேண்டும் என்பது எங்கள் பாடம். எனக்குச் சந்தேகம் இல்லை. கை தூக்கினேன், சீட்டு எழுதிக் கொடுத்தேன், எங்கே நின்றாய், என்ன பார்த்தாய் என்று ரெஃபரி கேட்டதற்குப் பதில் சொன்னேன். பையன் டிஸ்குவாலிஃபை ஆனான்.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய ஆயா என்னிடம் வந்தார். சேலை முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். "கண்ணு, நல்லாப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். "பாத்தேன் ஆயா" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் பேரனிடம் போய் அவன் தலையைத் துவட்டினார்.

அந்த வாரமே, பயிற்சியில் என் கணவர் தண்ணீருக்குள் சிறு கேமராவை இறக்கி எடுத்த வீடியோவைப் பார்த்தோம். என் மகள் இரண்டு உதை போடுகிறாள். ஒவ்வொரு சுவரிலும். சந்தேகத்துக்கு இடமே இல்லாத, அழகான, பழகின உதை. "ஏன்டி இப்படி?" என்று கேட்டேன். "எல்லாரும் போடறாங்கம்மா. போடலைன்னா லேட் ஆயிடும்னு கோச் சொன்னார்" என்றாள். கேமரன் சொன்ன அதே வார்த்தைகள், பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாயிலிருந்து. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பையனை நான் நிறுத்தினேன், என் பிள்ளையை இத்தனை நாள் யாரும் நிறுத்தவில்லை, இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். அந்தப் பழக்கத்தை விடுவிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அவளுடைய நேரம் கூடிக்கொண்டே போனது, அவள் அழுதாள், நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

இது நடந்த பிறகு கேமரன் மேல் எனக்கு இருந்த கோபம் குறைந்தது. எத்தனையோ பேர் செய்து மறைத்ததை அவர் வாய் திறந்து சொன்னார். தங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அதே சமயம், எல்லாரும் செய்தார்கள் என்பதை நான் நியாயமாக ஏற்க மாட்டேன். அன்று அந்தக் குளத்தில் ஒழுங்காக ஒரே ஒரு உதையோடு நீந்தி அரையிறுதியிலேயே வெளியே போன யாரோ ஒருவர் இருந்திருக்கலாம். அவர் பெயரை யாரும் கேட்கப் போவதில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இந்த வாதமே பிடிக்காது. "எங்களைத் தண்ணியிலேயே விடலேம்மா, இதுல உதையை எண்ணுறியா" என்பார். அவர் சொல்வது வெறும் பேச்சு இல்லை. 1953-ல் வந்த தனி வசதிச் சட்டத்தால் கடற்கரையும் நீச்சல் குளமும் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இதே டர்பனைச் சேர்ந்த மார்கன் நாயுடு, நிறபேதம் இல்லாத நீச்சல் சம்மேளனத்தை நடத்தியதற்காக 1970-களில் அரசின் தடையாணைக்கு ஆளானவர். 1973-ல் ஃபினா தென்னாப்பிரிக்காவை வெளியே அனுப்பியது, 1992-ல்தான் நாடு ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. அந்தக் காலத்தைப் பார்த்தவருக்குப் புதிய கொடியோடு வரும் தங்கம் வேறு மாதிரி தெரியும். அவரோடு நான் வாதாடுவதில்லை.

சரி, பீட்டி. 2015 ஏப்ரலில் லண்டனில் அவர் 57.92 நீந்தினார். முந்தியது 0.54 நொடி, அதற்குள் உதைக் கணக்கெல்லாம் காணாமல் போய்விடும். அந்த ஆகஸ்டில் கசானில் நடந்ததை நான் மறக்க மாட்டேன்: 50 மீட்டரில் காலையில் கேமரன் 26.62 என்று உலக சாதனை வைத்தார், மாலையில் பீட்டி 26.42 நீந்தி அதை எடுத்துக்கொண்டார். 2016 ரியோவில் பீட்டி 57.13, கேமரன் 58.69-ல் வெள்ளி. 2019-ல் பீட்டி 56.88 வரை போய்விட்டார். இதற்கிடையில் விதியும் இளகியது. டால்பின் உதை ஒன்றுதான், ஆனால் முதல் தவளை உதைக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எண்ணிக்கை மாறவில்லை. ரியோவில் வெண்கலம் வாங்கிய அமெரிக்காவின் கோடி மில்லர் மேலும் அதே புகார் எழுந்தது.

ஆகவே பீட்டி வந்ததால் பட்டியலில் 58.46 கீழே இறங்கியது, அவ்வளவுதான். விவகாரம் குளத்திலேயே கிடக்கிறது, எங்கள் சனிக்கிழமைப் போட்டிகள் உட்பட. இப்போது எங்கள் கிளப்பில் பேசி, மாதம் ஒரு முறை எல்லாப் பிள்ளைகளையும் அடியிலிருந்து படம் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் மாதப் படத்தில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இரண்டு உதை போட்டிருந்தார்கள். கோச்சும் எங்களோடு உட்கார்ந்து முழுவதும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த பயிற்சியில் ஒரு மணி நேரம் புல்-அவுட்டை மட்டும் போட வைத்தார்.