ரூபி பிரிட்ஜஸ் யார்? ஆறு வயதுக் குழந்தை பள்ளிக்குப் போனதற்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையருக்குத் தனிப் பள்ளி. இதுதான் இனப் பிரிவினை. ஊர்ப் பணத்தில் போட்ட குழாயில் ஒரு தெருவுக்கு மட்டும் தண்ணீர் விடாததைப் போன்றது அது. 1954-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆனால் மாநிலங்கள் இழுத்தடித்தன. கலந்து படித்தால் தங்கள் மேலாதிக்கம் போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

1960 நவம்பர் 14. தென் மாநில நகரமான நியூ ஆர்லியன்ஸில், வெள்ளையர் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்கு மத்திய அரசுக் காவலர்கள் சூழ, கறுப்பினச் சிறுமி ரூபி போனாள். வாசலில் கூச்சலிட்ட கூட்டத்தைப் பார்த்து, ஊர்த் திருவிழா என்றே நினைத்துக்கொண்டாளாம் அந்தப் பிள்ளை!

வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆண்டு முழுக்க வகுப்பில் அவள் ஒருத்திதான். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி மட்டுமே பாடம் எடுக்க முன்வந்தார். விஷம் வைப்பேன் என்று ஒருத்தி தினமும் மிரட்டியதால் வீட்டுச் சாப்பாடு மட்டும்தான். அப்பாவுக்கு வேலையும் போயிற்று.

அன்று நியூ ஆர்லியன்ஸில் இந்தத் தடையை உடைத்தது ரூபி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதே நாளில் அதே ஊரின் மெக்டொனோ 19 பள்ளிக்குள் வேறு மூன்று சிறுமிகளும் நுழைந்தார்கள்.