1 டி.பி. டிஸ்க், 931 ஜி.பி. மீதி எங்கே?

கேள்வி: புதிதாக வாங்கிய 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினால் 931 ஜி.பி. என்றே வருகிறது. ஏமாந்துவிட்டேனா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இல்லை. டிஸ்க் குறையவில்லை, அளக்கும் படிதான் வேறு. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குவார்கள். அவர்களுக்கு ஒரு டி.பி. என்பது லட்சம் கோடி பைட். விண்டோஸோ 1024 கணக்கில் போகும். 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட் சேர்ந்தால்தான் அதற்கு ஒரு ஜி.பி. லட்சம் கோடியை இதனால் வகுத்துப் பாருங்கள், 931 வரும். 4 டி.பி. டிஸ்க் 3.63 டி.பி. ஆகத் தெரிவதும் இப்படித்தான். அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் 1 டி.பி. என்றே காட்டும், ஆப்பிள் 2009-லேயே ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது.

இந்தக் குழப்பம் தீரவென்றே 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கு கிபி, மெபி என்று தனிப் பெயர்கள் வைத்தது. விண்டோஸ் அவற்றை எடுத்துக்கொள்ளாதது வாங்குபவர்களுக்குத்தான் கஷ்டம்.

சந்தேகம் இருந்தால் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறங்கள். ‘கெப்பாசிட்டி’ வரியில் பைட் எண்ணிக்கை முழுசாக இருக்கும். அது லட்சம் கோடியை ஒட்டி இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் போலி பென் டிரைவ்கள் இந்த எண்ணையே பொய்யாகக் காட்டும். அவற்றை முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும்.

கேள்வி: 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் டவுன்லோடு 12 எம்.பி.யைத் தாண்டவில்லையே? (வாசகி, தேனி)

பதில்: முழு வேகமும் வருகிறது. இணைப்பை பிட்டில் சொல்வார்கள், ஃபைலை பைட்டில். 8 பிட் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. ஆங்கிலச் சுருக்கத்தில் சின்ன ‘பி’ பிட், பெரிய ‘பி’ பைட்.

கேள்வி: 32 ஜி.பி. பென் டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது. 5 ஜி.பி. வீடியோ ஏற மறுக்கிறது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு ஃபைலின் அளவைக் குறிக்க 32 பிட் இடம்தான் உண்டு. 429,49,67,295 பைட்டுக்கு மேல் எழுத முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய டி.வி., கார் ஸ்டீரியோ சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அவற்றில் போடுவதாக இருந்தால் ஃபேட்32-ஐ அப்படியே விட்டு, வீடியோவை இரண்டாக வெட்டி ஏற்றுங்கள்.