பிளஸ் ஒன் படிக்கும் மகனின் பையில் வேப் (இ-சிகரெட்) இருந்தது. 'நிக்கோடின் இல்லை, வெறும் ஃப்ளேவர்தான்' என்கிறான். நம்பலாமா?

நம்ப வேண்டாம். அவன் பொய் சொல்கிறான் என்று சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

பெரம்பூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இ-சிகரெட்டை 2019-லேயே நாடு முழுக்கத் தடை செய்தாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை சிக்கினாலே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியென்றால் உங்கள் மகனிடம் இருந்தது கள்ளச் சரக்கு. அட்டையில் 'ஜீரோ நிக்கோடின்' என்று போட்டிருந்தாலும் அதை இங்கே யார் சோதித்தார்கள்?

இப்போது வரும் பலவற்றில் நிக்கோடின் சால்ட்தான். வெறும் நிக்கோடின் கூடினால் தொண்டை காந்தும், இருமித் தள்ளும். அதோடு பென்சாயிக் அமிலம் சேரும்போது காந்தல் அடங்கிவிடும். மேலே மாம்பழ வாசனை வேறு. எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாது. மூளை 25 வயது வாக்கில்தான் முழுதாக வளர்ந்து முடிகிறது என்பதால், இந்த வயதில் பழக்கம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

'சிகரெட்டை விடப் பரவாயில்லையே' என்பான். இருபது வருஷம் சிகரெட் பிடித்த ஆள் அப்படிச் சொன்னால் அதில் பேச ஏதோ இருக்கிறது. ஒன்றுமே பிடிக்காத பையனுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பாதித்து, 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலானோர் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த திரவம். அதில் கலப்படமாகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அதே வைட்டமினை கேப்ஸ்யூலாக நானே தினமும் விற்கிறேன். வயிற்றுக்குள் சாது, நுரையீரலுக்குள் எமன்.

ஆனால் எனக்கு வேப்பை விட பயம் வலி மாத்திரைகள்தான். மீசை அரும்பாத பையன் ஒருத்தன் வருவான். போனில் பிரிஸ்கிரிப்ஷன் போட்டோ, டாக்டர் பெயர் இருக்கும் இடம் மட்டும் வெட்டியிருக்கும். டேபெண்டடால் என்ற வலுவான வலி மாத்திரை கேட்பான். "பாட்டிக்கு முட்டி வலி தாங்கலண்ணா" என்பான். "பாட்டிக்குப் போன் போட்டுக் குடுப்பா, நான் பேசறேன்" என்றால் போதும், அடுத்த கடைக்கு நடையைக் கட்டிவிடுவான். அங்கே கிடைக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இதைச் சிலர் போதைக்காகக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் இருக்கும் டால்க் கரையாது, ரத்தக்குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைட்டிஸ் சி, ஹெச்ஐவி. அளவு மீறினால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும்.

இதில் எதிலும் வாயை ஊதச் சொன்னால் நாற்றம் வராது. பணம் எங்கே போகிறது, ராத்திரி தூங்குகிறானா, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறானா, இதையெல்லாம் பாருங்கள். அடிக்காதீர்கள். வேப் மட்டும்தான் என்றால் நிறுத்திய முதல் வாரம் எரிந்து விழுவான், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஏதாவது என்று சந்தேகம் இருந்தால் போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் பேசுங்கள், இலவசம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் போகலாம், இந்திரா நகரில் போதை மீட்புக்கான டி.டி.கே. மருத்துவமனையும் (டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை) இருக்கிறது.

சிகிச்சைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவே, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இல்லை என்கிறது. சிறுவர்களுக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தவனுக்குத்தான் சிறார் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் யாரிடம் வாங்கினான் என்று முதல் நாளே குடையாதீர்கள். பெரும்பாலும் அது கூடப் படிக்கும் பையனாகத்தான் இருக்கும், காட்டிக்கொடுக்க மாட்டான்.